மங்கோக்கைக் கழுவியது நான்தான்

ஜாவா என்ற கணினி மொழியைப் பக்கத்து வீட்டு அம்மாவாகவே பாவித்து, அந்த அம்மாவுக்குரிய மரியாதையைக் கடைசிவரை குறைவில்லாமல் கொடுத்துவந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அந்த ஒருவருக்குப் பக்கத்து மேசையில் என்னை உட்காரவைத்தார்கள். என் தலையெழுத்து என்று முதல் மாதம் நினைத்தேன். இரண்டாவது மாதமும் அப்படித்தான் நினைத்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. இரண்டாயிரமாவது வருடம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் எல்லாம் படுத்துவிடும் என்று ஊரே பயந்துகொண்டிருந்த சமயம். மலேசியாவில், பாயான் லெப்பாஸில் சிப் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். ஆறு மாதம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்கள். பக்கத்து மேசைக்காரர் எனக்கு நாலு வருடம் முன்னால் சேர்ந்தவர். எல்லாருக்கும் அவர் மங்கோக் அண்ணன். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். அதைப் பார்த்தவர் யாருமில்லை.

மலாய் தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மங்கோக் என்றால் கிண்ணம். அதையே ஒரு ஆளைப் பார்த்துக் குரலை உயர்த்திச் சொன்னால் 'மடையா' என்று அர்த்தம். இந்த இரண்டு அர்த்தங்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டுதான் அவருக்கு அந்தப் பெயர் வந்தது.

எங்கள் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். சிப்களைச் சோதிக்கும் மெஷின் சி என்ற பழைய மொழியில்தான் பேசும். அதன் திரையை மட்டும் புது நாகரிகம் என்று ஜாவாவில் எழுதியிருந்தார்கள். ஒரு தட்டில் அறுபத்துநாலு சிப் இருக்கும். ஜாவா அறுபத்துநாலு எண்கள் கொள்ளும் ஒரு வரிசையை, அதை அர்ரே என்போம், சி பக்கம் அனுப்பும். சி அதில் அளவுகளை எழுதித் திருப்பிக் கொடுக்கும். இவ்வளவுதான் விஷயம். இதை அவர் சொன்னால் ஃபிளாட்டில் மேல் வீட்டு அம்மாவும் கீழ் வீட்டு அம்மாவும் கிண்ணம் கொடுத்து வாங்கிக்கொள்கிற கதையாகிவிடும். மேல் வீட்டம்மா ஜாவா. கீழ் வீட்டம்மா சி. அந்த அர்ரேதான் மங்கோக்.

இந்தக் கதையை அவர் யாருக்கும் சொல்லாமல் விட்டதில்லை. ஜெலுத்தோங்கில் இருந்து எங்களை ஏற்றிவரும் தொழிற்சாலை பஸ்ஸின் டிரைவர், வயதான மலாய்க்காரர், ஒரு நாள் மரியாதைக்காக "என்ன வேலை செய்யறே?" என்று கேட்டுவிட்டார். அண்ணன் உற்சாகமாக எழுந்து, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு, மலாயில் மேல் வீடு கீழ் வீடு என்று ஆரம்பித்தார். பஸ் போட்ட சத்தத்தில் டிரைவருக்குப் பாதி காதில் விழவில்லை. அண்ணன் அவர் தோளைத் தட்டி, முக்கியமான சொற்களை மட்டும் உரக்கச் சொன்னார்.

"மங்கோக்! மங்கோக் ஜாவா!"

பஸ் நடுரோட்டில் நின்றது. டிரைவர் எழுந்து திரும்பினார். அவருடைய தாத்தா ஜாவாத் தீவில் இருந்து வந்து குடியேறியவர் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அண்ணனுக்கு மட்டும் தெரியாது.

"சியாப்பா மங்கோக்?" என்றார் டிரைவர். யார் மங்கோக் என்று கேட்கிறார்.

"ஜாவாவோடதுதான் மங்கோக், பாக்சிக்!" என்று, மாமா முறை வைத்து, அண்ணன் விடாமல் விளக்கினார். புரியாமல் நிற்கிறாரே என்ற கவலையில், இன்னும் பலமாக.

டிரைவர் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்துவிட்டார். அன்று பஸ்ஸில் வந்த எல்லாரும் லேட். பின்சீட்டில் இருந்த மூன்று அக்காமார்கள் இறங்கிப்போய்ச் சமாதானம் பேசி, டிரைவரைத் திரும்ப ஏற்றிக் கூட்டிவந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடிப்பதற்குள் அந்தப் பெயர் தொழிற்சாலையின் மூன்று மாடிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. "கிண்ணம் நல்ல சாமான் லா, எல்லார் வீட்டுக்கும் வேணும்" என்று சொல்லிவிட்டார்.

வாங்கிய பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தரக்கூடாது என்பது நம் வீடுகளில் உள்ள பழக்கம்தானே? அண்ணன் அதைப் பாத்திரத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. என்னிடம் ஸ்டேப்ளர் வாங்கினால் திரும்பி வரும்போது அதன்மேல் ஒரு புளி மிட்டாய் இருக்கும். நூலகத்தில் எடுத்த புத்தகத்துக்குள் மணக்கட்டுமே என்று ஒரு பண்டான் இலையை வைத்துக் கொடுத்து, எறும்பு பிடித்து, இரண்டு அலமாரியைக் காலி செய்யவேண்டியதாகிவிட்டது. ஒரு முறை எங்கள் மேனேஜர் ஓங்கிடம் குடை இரவல் வாங்கினார். திருப்பிக் கொடுக்கும்போது உள்ளே ஆறு ரம்புத்தான் பழத்தைப் போட்டு, மடித்து, பட்டன் போட்டு, அவர் அறை மூலையில் சாத்திவிட்டு வந்தார். சொல்லவில்லை. சொன்னால் கொடுத்ததைச் சொல்லிக்காட்டியதாகிவிடுமாம். மூன்று நாள் கழித்துத் தலைமை அலுவலகத்தில் இருந்து வந்த பெரிய மனிதரைக் காரில் ஏற்றிவிட, மழையில், மேனேஜர் அந்தக் குடையை விரித்தார். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் குடை கொடுத்ததில்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அமங்கலமான வார்த்தை அவர் காதில் விழக்கூடாது. புரோக்ராம் செத்துவிட்டது என்று நாங்கள் சொன்னால் மேசையைத் தட்டி, "மயங்கியிருக்குன்னு சொல்லுங்க" என்பார். ஆனால் கணினி உலகம் அவரைக் கேட்டா சொற்களை வைத்திருக்கிறது? அந்த அர்ரேயைச் சி திருப்பித் தருவதற்கு மூன்று வழிகள் உண்டு. எழுதியதை மேல் வீட்டில் சேர்த்துவிட்டுக் கிண்ணத்தையும் கொடுத்துவிடலாம். எழுதியதைச் சேர்த்துவிட்டு, இன்னும் வேலை இருக்கிறது என்று கிண்ணத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது, எழுதியது வேண்டாம் என்று தூக்கிப் போட்டுவிட்டு வெறும் கிண்ணத்தைக் கொடுப்பது. எண்களைப் படித்துப் பார்க்க மட்டும் வாங்கினால் இந்த மூன்றாவது வழியே போதும். அதற்கு வைத்திருந்த பெயர் அபார்ட், கருவைக் கலைப்பதற்கு இங்கிலீஷில் சொல்லும் அதே சொல்.

"காலங்காத்தால கம்ப்யூட்டரைத் தெறந்தா கண்ணுல படற வார்த்தையா இது? வீட்ல பொம்பளைங்க முழுகாம இருக்கற நேரம்" என்று அவர் சண்டைக்கு நின்றார். சண்டை போட எதிரில் ஆள் இல்லாததால், தானே உட்கார்ந்து மூன்று வழிகளுக்கும் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்ப் பெயர் வைத்தார். அதே வரிசையில், நிரப்பி, ஊத்தி, கழுவி. எங்கள் பகுதியில் எழுதும் எல்லாரும் அந்தப் பெயர்களைத்தான் போடவேண்டும். எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுப் பேச்சு மாதிரி இருந்ததால் புத்தகத்தைப் புரட்டாமலே எழுதிவிடலாம். நான் சேர்ந்த மூன்றாவது மாதம் அளவு எடுக்கும் பகுதியை என்னிடம் கொடுத்தார்கள். எழுதி முடித்தேன், ஓடியது, எல்லாரும் நல்லது என்றார்கள்.

அடுத்த மாதம் இரண்டாயிரமாவது வருடப் பயத்தில் லைனில், அதாவது மெஷின்கள் நிற்கும் கூடத்தில், இருந்த கம்ப்யூட்டர்களை மாற்ற ஆரம்பித்தார்கள். முதலில் ஒரே ஒரு மெஷினுக்குப் புதுக் கம்ப்யூட்டர், புது ஜாவா. அது சரஸ் அக்கா நின்ற மெஷின்.

சரஸ் அக்கா பன்னிரண்டு வருடமாக அந்த லைனில் நின்றவர். சத்தமாகச் சிரிப்பார், அதைவிடச் சத்தமாகத் திட்டுவார். அடுத்த மாதம் லைன் லீடர் ஆகப்போகிறார் என்று எல்லாருக்கும் தெரியும். புதுக் கம்ப்யூட்டர் வந்து ஒரு வாரம் ஆனதும், தரம் பார்க்கும் பிரிவில் இருந்து ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார்கள். சரஸ் அக்கா அளந்த தட்டுகள் அத்தனையிலும் ஒரே எண்கள். அறுபத்துநாலும் அச்சு அசலாக ஒன்றே. அதுவும் யாருடைய எண்கள்? மெஷின் சரியாக இருக்கிறதா என்று தினம் காலையில் வைத்துப் பார்ப்பதற்காக ஒரு மாதிரித் தட்டு உண்டு. அதனுடைய எண்கள்.

ஆகவே அவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். தட்டை மாற்றச் சோம்பல்பட்டு, மாதிரித் தட்டையே திரும்பத் திரும்ப வைத்து எண்ணிக்கை காட்டியிருக்கிறாள் இந்த அம்மாள். லைனில் எல்லார் முன்னாலும் அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஏமாற்றுக்காரி என்ற வார்த்தையும் வந்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு விசாரணை, அதற்குப் பிறகு வேலை இல்லை.

அதற்கு முன்னால் மேனேஜர் ஓங் நியாயமாக ஒரு காரியம் செய்தார். என்னைக் கூப்பிட்டு, "புரோக்ராம்ல கோளாறு இருக்குமா?" என்று கேட்டார். நான் என் மேசைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தேன். பத்துத் தட்டு, பத்து விதமான எண்கள். "புரோக்ராம் சரியா இருக்கு சார்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சரஸ் அக்கா கேண்டீனில் தனியாக உட்கார்ந்திருந்தார். தட்டில் சோறு அப்படியே இருந்தது.

"தங்கச்சி, நான் ஒவ்வொரு தட்டாதான் மாத்தினேன். என் புள்ளைங்க மேல சத்தியம்" என்றார் என்னிடம்.

"தெரியும்க்கா" என்று மென்று விழுங்கினேன். எனக்குத் தெரியவில்லை. என் புரோக்ராம் சரி என்று மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். லைனுக்குள் போடும் வெள்ளை அங்கியும் தொப்பியுமாக மங்கோக் அண்ணன் அலுவலகத்துக்குள் ஓடிவந்தார். அந்த உடுப்போடு வெளியே வரவே கூடாது. கையில் அவருடைய சீப்பு.

"தங்கச்சி! என் சீப்பு பாஸ்!"

"என்ன அண்ணே?"

"சரஸ் அக்கா மெஷின்ல காலித் தட்டை வெச்சேன். அறுபத்துநாலும் பாஸ். சரி, இன்னொரு தடவை பாப்போம்னு சீப்பை வெச்சேன். அதுவும் பாஸ், லா! அறுபத்துநாலும் பச்சை!"

மலேசியாவிலேயே தரச் சோதனையில் தேறிய ஒரே சீப்பு அதுவாகத்தான் இருக்கும். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. என் நாற்காலியைத் தள்ளிவிட்டு, நான் எழுதிய பகுதியைத் திரையில் கொண்டுவந்து, மேலிருந்து கீழாக விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"இது யார் எழுதினது?"

"நான்தான்."

"ஏம்மா கழுவினே?"

எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "பின்னே? அடுத்தவங்க வீட்டுக் கிண்ணத்தைக் கழுவாமலா குடுக்கறது? எங்கம்மா கொன்னுடுவாங்க அண்ணே" என்றேன்.

சத்தியமாக அப்படித்தான் எழுதியிருந்தேன். நிரப்பி, ஊத்தி, கழுவி என்று மூன்று சொற்கள் எதிரில் இருக்கும்போது, ஒழுங்காக வளர்ந்த ஒரு பெண் எதை எடுப்பாள்? வேலை முடிந்தது, கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கிறோம், கழுவிக் கொடுக்கிறோம். அளந்த அறுபத்துநாலு எண்களையும் சேர்த்துக் கழுவி ஊற்றுகிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"அப்ப என் மேசைல எப்படி ஓடுது?"

அவர் தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னார். "உன் மேசைல இருக்கறது பழைய ஜாவா. அந்தம்மா தன் மங்கோக்கையே தூக்கிக் கையில குடுத்துடும். நீ எழுதறது நேரா அதுலயே விழுந்துடும், அப்புறம் நீ கழுவறேன்னாலும் ஒண்ணும் போகாது. புது ஜாவா அப்படி இல்ல. தன்னோடதை வீட்லயே வெச்சுக்கிட்டு, அதே மாதிரி இன்னொரு மங்கோக்குல ஊத்திக் குடுக்குது. நீ அதுல எழுதின, அதையும் கழுவிட்ட. அந்தம்மா வீட்டு மங்கோக்குல காலையில போட்டது அப்படியே இருக்கு."

காலையில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஜாவாவே போட்டு வைப்பது மாதிரித் தட்டின் எண்கள். திரை நாள் முழுக்க அதையே காட்டியிருக்கிறது. முதலில் தோன்றியது என்ன தெரியுமா? வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன். ஒரே ஒரு சொல்தானே, சத்தமில்லாமல் மாற்றிவிடலாம், என்னை நிரந்தரம் செய்ய இன்னும் இரண்டு மாதம்தானே இருக்கிறது என்று தோன்றியது. அதை வாய்விட்டும் சொல்லிவிட்டேன்.

அண்ணன் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "மாத்தலாம். நாளைலேருந்து நம்பர் சரியா வரும். போன வாரம் சரியாகுமா? அக்காவோட போன வாரம்?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "நீயே சொல்லு. நான் கூட நிக்கறேன்" என்றார்.

மூன்று மணிக்கு விசாரணை அறையில் மேனேஜர் ஓங், தரப் பிரிவு ஆட்கள் இரண்டு பேர், எதிரில் சரஸ் அக்கா. நாங்கள் கூப்பிடாமலே உள்ளே போனோம். என்ன சொல்லவேண்டும் என்று இங்கிலீஷில் நாலு வரி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் நாலும் பறந்துவிட்டன.

"சார், மங்கோக்கைக் கழுவினது நான்தான்" என்றேன், மலாயில்.

"எந்த மங்கோக்கை?" என்றார் மேனேஜர். பக்கத்தில் நின்ற மனிதரை ஒரு முறை பார்த்துக்கொண்டார். இவரையா கழுவினாள் என்று நினைத்திருக்கலாம்.

"சொல்றதைவிட காட்டறது நல்லது சார், லைனுக்கு வாங்க" என்று அண்ணன் எல்லாரையும் கிளப்பிக்கொண்டு போனார். அங்கி மாட்டி, தொப்பி மாட்டி, காற்று ஊதும் கதவைத் தாண்டி, வரிசையாகப் போய் மெஷின் முன்னால் நின்றோம். அண்ணன் சீப்பை வைத்தார். பாஸ். மேனேஜர் நம்பாமல் தன் பேனாவை வைத்தார். பாஸ். அப்போதும் சந்தேகம் தீராமல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கண்ணாடி இல்லாமல் அவரால் திரையைப் படிக்க முடியவில்லை. நான்தான் படித்துச் சொன்னேன்: அறுபத்துநாலும் பாஸ், சார்.

பிறகு அண்ணன் உட்கார்ந்து 'கழுவி'யை எடுத்துவிட்டு 'நிரப்பி' என்று போட்டார். மறுபடி சீப்பை வைத்தோம். திரை முழுக்கச் சிவப்பு. தோற்றுப்போன சீப்பைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைக்கவில்லை.

மேனேஜர் அறிக்கைத் தாளை எடுத்தார். "யார் தப்பு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். என்மேல் பழி வராமல் தானே ஏற்கப்போகிறார் என்று ஒரு கணம் நம்பிவிட்டேன். அவர் அந்த மாதிரி ஆள் இல்லை.

"எழுதினது இவ சார். குழப்பமா பேர் வெச்சவன் நான். ரெண்டு பேரையும் போடுங்க."

பெயர் கேட்டார் மேனேஜர். அண்ணன் முழுப்பெயரைச் சொன்னார். மெஷின்களின் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. மூன்று முறை சொன்ன பிறகு மேனேஜர் அலுத்துப்போய், என் பெயருக்குக் கீழே மங்கோக் என்று எழுதிவிட்டார். அது மெஷினில் எந்தப் பாகம் என்று விசாரித்துத் தலைமை அலுவலகத்தில் இருந்து கடிதம் வந்ததாகக் கேள்வி. என்னை நிரந்தரம் செய்வது மூன்று மாதம் தள்ளிப்போனது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

"சரி, முடிஞ்சது. சரஸ்வதி நாளைக்கு வேலைக்கு வரலாம்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் திரும்பினார். அண்ணன் வழியை மறித்துக்கொண்டு நின்றார். யாரிடமும் ஒரு கடுஞ்சொல் பேசாத மனிதர் அவர்.

"சார், லைன்ல வெச்சுத்தானே அவங்களை ஏமாத்துக்காரின்னு சொன்னாங்க? இல்லைன்னும் இங்கேயே சொல்லிட்டுப் போங்க."

ஷிஃப்ட் மாறுகிற நேரம். போகிறவர்களும் வருகிறவர்களுமாக லைன் நிறைய ஆட்கள். மேனேஜர் ஓங் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரஸ்வதி எந்தத் தப்பும் செய்யவில்லை. தப்பு எங்களுடையது" என்றார்.

சரஸ் அக்கா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல சார்" என்றார்.

மேனேஜர் இன்னொரு முறை, பலமாகச் சொன்னார். அக்கா தலையை ஆட்டினார். அதற்குப் பிறகுதான் அழுதார். உடனே என் பக்கம் திரும்பி, "படிச்ச புள்ளைதானே நீ?" என்று ஆரம்பித்து, லைனே கேட்கும்படி ஒரு திட்டுத் திட்டினார். அந்தத் திட்டை நான் ஆசையாக வாங்கிக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தால் அண்ணன் சுவர் ஓரமாக நின்று அங்கியின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணே?"

"தூசி விழுந்துடுச்சு, லா."

தூசு துளிகூட நுழையக்கூடாது என்று கதவுக்குக் கதவு காற்றை ஊதிக் காப்பாற்றி வைத்திருக்கும் அறை அது. நான் மறுத்துப் பேசவில்லை. "ஆமா அண்ணே, இங்க ரொம்பத் தூசி" என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அந்த மனிதரை எனக்கு அன்றைக்குப் பிடித்துப்போனது, இன்றுவரை அது குறையவே இல்லை.